ஆற்றங்கரைத் தாகம் – 9: மண்மூட்டை இரவு

"கரை உட்காருகிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டு, சென்ற வாரம் எழுந்து போய்விட்டேன். இந்த வாரம் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பானஷேத் அணை உடைந்தது ரகசியம் இல்லை. புனேயின் பழைய பேட்டைகளில் பிறந்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் தேதியோடு சொல்வார்கள்: 1961 ஜூலை 12. தேதி தெரிந்த கதையில் திகில் ஏது என்று கேட்கலாம். திகில் முந்தின இரவில் இருக்கிறது.

அன்று அமாவாசையை ஒட்டிய இரவு. சஹ்யாத்ரி மலையில் ஆடியும் ஆவணியும் எப்படியிருக்கும் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. வால்பாறையிலோ கூடலூரிலோ ஜூலை மாதம் தங்கியவர்களுக்குக் கொஞ்சம் புரியும். மேகம் மலையில் வந்து உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்காது. எதிரில் நிற்பவர் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். அந்த மழையில், அந்த இருட்டில், புனேக்குத் தென்மேற்கே நாற்பது கிலோமீட்டர் தள்ளி, அம்பி என்ற சிற்றாற்றின் குறுக்கே எழுப்பிய புத்தம்புதிய மண் அணை தன் முதல் மழைக்காலத்தைச் சந்தித்துக்கொண்டிருந்தது.

ஜூன் 18 முதல் ஜூலை 12 வரை அங்கே பெய்த மழை 1,778 மில்லிமீட்டர். சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். இங்கே இருபத்தைந்தே நாளில். பன்னிரண்டு நாளில் அணைக்குள் தண்ணீர் 24 மீட்டர் ஏறியது. ஏறக்குறைய எட்டு மாடி.

புது மண்சட்டி வாங்கி வந்தால் நம் வீட்டுப் பெண்கள் நேரே அடுப்பில் ஏற்றமாட்டார்கள். கஞ்சித் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, மெல்லிய தணலில் காட்டி, நாலு நாள் பழக்குவார்கள். மண் அணையும் அப்படித்தான். முதல் வருஷம் கால்வாசி, அடுத்த வருஷம் பாதி என்று தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்ட வேண்டும். மண் இறுகும், அமரும், எங்கே கசிகிறது என்று சொல்லும். பானஷேத்துக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. 1962-ல் முடிய வேண்டிய வேலை. ஒரு மழையையும் வீணாக்கக் கூடாது என்று ஒரு வருஷத்தை முன்னால் இழுத்தார்கள். மகாராஷ்டிர மாநிலம் பிறந்து பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. யஷ்வந்த்ராவ் சவாண் முதலமைச்சர். புது மாநிலம், புது அணை, வளரும் ஊர். அவசரப்பட்டவர்களை இன்று உட்கார்ந்துகொண்டு திட்டுவது சுலபம். ஆனாலும் சட்டி சட்டிதான்.

அவசரத்தின் தழும்பு ஒரே இடத்தில் விழுந்தது. மதகில்.

நம் ஏரிப் பாசனக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏரிக்கரையில் எந்த இடத்தில் ராத்திரி காவல் போடுவீர்கள் என்று கேட்டால் மதகடியைக் காட்டுவார்கள். மண்ணைத் துளைத்துக்கொண்டு ஒரு கல் குழாய் போகிற இடம் அது. மண்ணும் கல்லும் ஒட்டுகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் வழி தேடும். பானஷேத் அணையின் அடிவயிற்றிலும் அப்படி ஒரு குழாய்ப் பாதை இருந்தது. இரும்புக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் இருக்க வேண்டிய பாதை, கம்பி இல்லாத கான்கிரீட்டில் இருந்தது. உள்சுவர் இன்னும் வழவழப்பாகப் பூசப்படவில்லை. கதவுகள் முழுசாகப் பொருத்தப்படாமல் அரைகுறையாக நின்றன.

வீட்டுக் குழாயைப் பாதி திறந்து பாருங்கள். சில குழாய்கள் உறுமும், சுவரே அதிரும். அரை அங்குலக் குழாய்க்கே அந்தக் கோபம் என்றால், மலையளவு தண்ணீரைத் தலையில் வைத்துக்கொண்டு பாதி திறந்து கிடந்த மதகு என்ன பாடு பட்டிருக்கும்? தண்ணீர் சீராக வெளியேறாமல் அடைத்து அடைத்துப் பாய்ந்தது. ஒவ்வொரு அடைப்புக்கும் ஓர் இடி. அந்த இடி, கம்பி இல்லாத கான்கிரீட்டை உள்ளிருந்து உடைத்துக்கொண்டே வந்தது. மேலே நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு தெரிந்தது. மதகுக்கு நேர் மேலே கரையின் உச்சியில் குறுக்கே விரிசல்கள் ஓடின. விரிசல்களுக்கு நடுவே கரை கீழே இறங்கத் தொடங்கியது.

இரண்டரை மணி நேரத்தில் 1.4 மீட்டர். நின்றுகொண்டிருக்கும்போதே தரை இடுப்புக்கு மேல் இறங்குவது போல. அதன்பின் கரைக்கும் தண்ணீருக்கும் இருந்த இடைவெளி 0.6 மீட்டர். இரண்டே அடி. தண்ணீரோ ஏறிக்கொண்டிருக்கிறது.

ராணுவத்தைக் கூப்பிட்டார்கள். அன்றிரவின் கதாநாயகர்கள் பெயர் தெரியாத ஜவான்கள். அவர்கள் கையில் இருந்த ஆயுதம் மண்மூட்டை. கரை எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு உயரத்துக்கு மூட்டையை அடுக்கு. மறுபடி தாழ்ந்தால் மறுபடி அடுக்கு. காலுக்குக் கீழே கரை போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தே அதன் மேல் ஏறி நின்று வேலை செய்தார்கள். கொட்டும் மழையில் நனைந்த மண்மூட்டை என்ன கனம் கனக்கும் என்று, வெள்ளத்தின்போது வாசலில் ஒன்றிரண்டு அடுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் ஆயிரக்கணக்கில் தூக்கினார்கள்.

அணையைக் காப்பாற்ற அவர்களால் முடியவில்லை. ஆனால் விடியும் வரை நிறுத்திவைத்தார்கள். ஊர் தூங்கும் நேரத்தில் வந்திருக்க வேண்டிய தண்ணீரைப் பகலுக்குத் தள்ளிப்போட்டார்கள். அந்தச் சில மணி நேரம் எத்தனை ஆயிரம் உயிர் என்று கணக்குப் போடக்கூடத் தோன்றவில்லை.

விடிந்தது. மூட்டைகளோடு கரையும் போனது.

*

பானஷேத்தை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு முன்னால் ஓடி வாருங்கள். வழியில் இன்னோர் அணை இருக்கிறது. கடக்வாஸ்லா.

ஆறாம் அத்தியாயத்தில் இதைப் பார்த்தோம். கர்னல் ஃபைஃப் என்ற வெள்ளைக்காரப் பொறியாளர் வடிவமைத்து 1879-ல் முடிந்த கல் அணை. ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். நம் முல்லைப் பெரியாறுக்குப் பதினாறு வருஷம் மூத்தது. இந்த அணையிலிருந்து போன கால்வாய் வயலுக்கும் பாய்ந்தது, கண்டோன்மெண்ட் குழாயிலும் வந்தது, ஊர்க் குடத்திலும் நிறைந்தது. 1903-ல் இந்த அணைக்காகத்தான் ஒரு பொறியாளர், தண்ணீர் ஏறினால் தானே திறந்து இறங்கினால் தானே மூடும் கதவைக் கண்டுபிடித்துப் பொருத்தினார். அவர் பெயர் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா. 1961 ஜூலையில் அவர் உயிரோடு இருந்தார். நூறு வயதுக் கிழவராக, பெங்களூரில். அடுத்த ஏப்ரலில்தான் காலமானார்.

இன்றைய கணக்கில் கடக்வாஸ்லாவின் கொள்ளளவு 1.97 டி.எம்.சி. பானஷேத் 10.65. ஒரு சொம்பின் மேல் ஓர் அண்டாவைக் கவிழ்த்தால் என்ன ஆகும்? 82 வயதான அணையின் தலைக்கு மேல் 2.7 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தோடியது. அணை அதிர்ந்தது, விரிசல் விட்டது, ஆனாலும் சில மணி நேரம் தாங்கி நின்றது, பிறகுதான் உடைந்தது. பானஷேத் உடைந்து நான்கு மணி நேரத்துக்குள் இதுவும் உடைந்தது என்று பொறியியல் புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அந்த வரியை அப்படி வாசிக்க முடிவதில்லை. கம்பி கிடையாது, கிரேன் கிடையாது, வெறும் கல்லும் சுண்ணாம்பும். வெள்ளைக்காரன் கட்டியது என்று புகழ இதைச் சொல்லவில்லை. கல் உடைத்தவர்களும் சுண்ணாம்பு அரைத்தவர்களும் நம் ஆட்கள்தான். அவசரமில்லாமல் ஏறக்குறைய பத்து வருஷம் கட்டிய சுவர் அது.

அணையின் காலடியிலேயே நாட்டின் நீரியல் ஆராய்ச்சிக்குத் தலைமையகம் போல ஒரு நிலையம் இருக்கிறது. 1916-ல் பம்பாய் மாகாணத்தில் தொடங்கிய, இன்று மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம் என்று பெயர் பெற்ற இடம். எந்த ஊரில் அணை கட்டினாலும் துறைமுகம் கட்டினாலும் அதைக் குட்டி வடிவில் இங்கே செய்து, தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். அந்தக் குட்டி ஆறுகளுக்கான தண்ணீர் கடக்வாஸ்லா ஏரியிலிருந்தே வந்தது. நதியை மாதிரி செய்து படித்தவர்களின் வாசல் வழியாக நிஜ நதி போனது.

பகலில் தண்ணீர் ஊருக்குள் வந்தது.

முட்டா என்பது ஆற்றின் பெயர். தமிழ்க் காதுக்குச் சிரிப்பு வரும். மழைக்காலம் தவிர மற்ற நாளில் புனேக்காரர்களுக்கும் அந்த ஆறு ஒரு பொருட்டில்லை. அன்று லக்டி புலின் தலைக்கு மேல் ஓடியது. லக்டி புல் என்றால் மரப்பாலம். இப்போதிருப்பது மரம் இல்லை, பெயர் மட்டும் மரம். 1761-ல் பானிபட் போரில் மராத்தியப் படை அழிந்த காலத்தில் போட்ட பாலம். நாராயண் பேட், ஷனிவார் பேட், கஸ்பா பேட் என்று ஆற்றோரப் பேட்டைகள் வரிசையாக முழுகின. வாடா என்ற பழைய வீடுகள் எல்லாம் தேக்குச் சட்டத்துக்கு நடுவே செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியவை. நாட்டுச் சர்க்கரையை டீயில் போட்டது போலக் கரைந்தன. சட்டம் நின்றது, சுவர் போனது. கிட்டத்தட்ட ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அந்தக் கணக்கில் இன்றுவரை ஒருமித்த கருத்தில்லை.

புனேயில் ஒரு பேச்சு உண்டு. 1761-ல் பானிபட், 1961-ல் பானஷேத். இரண்டிலும் 'பானி', தண்ணீர். இருநூறு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குக் கண்டம் என்பார்கள். ஊர்ப்பெயரின் ஒலியைப் பிடித்துக்கொண்டு ஜாதகம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வேறொரு பொருத்தம் என்னைத் தூங்கவிடவில்லை. பானிபட் சேதி கேட்டு மனம் உடைந்து, பார்வதி மலையில் 1761 ஜூன் 23 அன்று இறந்தவர் நானாசாகேப் பேஷ்வா. இந்த ஊருக்கு முதன்முதலாகக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தவர் அவர்தான். அவர் செத்து சரியாக இருநூறு வருஷமும் பத்தொன்பது நாளும் கழித்து, ஊருக்குத் தண்ணீர் கொடுக்கக் கட்டிய அணை ஊரையே முழுக்கியது.

அதற்கு அடுத்த நாள் அவர் திரும்பி வந்தார். எப்படி என்று சொல்கிறேன்.

*

வெள்ளம் வந்த வேகத்திலேயே வடிந்தது. இரண்டு அணையும் காலியாகிவிட்டால் அப்புறம் வருவதற்குத் தண்ணீர் ஏது? தெருவெங்கும் முழங்கால் சேறு. அதில் புரண்ட பாத்திரங்கள், செத்த எருமைகள், கிழிந்த பஞ்சாங்கங்கள். யாரோ ஒருவருக்குத் தொண்டை வறண்டது. குழாயைத் திருகினார். வரவில்லை.

எப்படி வரும்? ஊர் குடித்துக்கொண்டிருந்தது கடக்வாஸ்லா ஏரியை. ஏரிக்குச் சுவர் இல்லை. கால்வாயின் வாய் அண்ணாந்து கிடக்கிறது, ஏரித் தண்ணீர் அதற்கு எட்டாத ஆழத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. லட்சக்கணக்கான பேர் வாழும் ஊர், நேற்று மதியம் தண்ணீரில் செத்த ஊர், இன்று காலை ஒரு குடம் தண்ணீருக்கு வழியில்லாமல் நின்றது. வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். அணையே வெள்ளமாக வந்தால் என்ன செய்வது என்று எந்தக் கிழவியும் சொல்லி வைக்கவில்லை.

அப்போதுதான் பேட்டைகளில் சில வயதானவர்கள் பின்கட்டுக்குப் போய், காலங்காலமாகத் துணி துவைக்கவும் மாட்டுக்கு ஊற்றவும் பயன்பட்டு வந்த கல் தொட்டிகளின் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். தொட்டியில் தண்ணீர் இருந்தது. இறைத்தார்கள். மறுபடி ஊறி நிறைந்தது. அது ஊற்று அல்ல. எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

அதற்கு ஹௌத் என்று பெயர். பள்ளிவாசலில் ஒளு செய்யும் தொட்டியை நம் பக்கத்தில் ஹவுது என்பார்கள் அல்லவா, அதே அரபுச் சொல்தான். மராத்திக்காரர்கள் வாயில் ஹௌத். காளா ஹௌத், பதாமி ஹௌத், நானா ஹௌத், சதாசிவ் ஹௌத் என்று பேட்டைக்குப் பேட்டை ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே தாய். ஊருக்குத் தெற்கே எட்டுக் கிலோமீட்டரில் காத்ரஜ் மலையடிவாரத்தில் 1749 வாக்கில் நானாசாகேப் வெட்ட ஆரம்பித்த ஏரி. அது முட்டாவின் மேல்நீர்ப் பகுதியைச் சேர்ந்ததல்ல, தனி மலைச்சரிவு, தனி ஓடை. பானஷேத் உடைந்தாலும் கடக்வாஸ்லா உடைந்தாலும் காத்ரஜுக்கு ஒன்றுமில்லை.

ஏரியிலிருந்து ஷனிவார்வாடா அரண்மனை வரை நிலத்துக்கடியில் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுரங்கக் கால்வாய். ஆள் குனிந்து நடக்கலாம். ஏரி உயரத்தில், ஊர் பள்ளத்தில். சரிவே இழுக்கும். மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம். வழியில் அங்கங்கே மேலே திறந்த கல் கூண்டுகள். அவற்றுக்கு மராத்தியில் உச்வாஸ், அதாவது மூச்சு என்று பெயர். தண்ணீர் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று, வண்டலைக் கீழே விட்டுவிட்டுத் தெளிந்து மேலே போகும். காற்றும் படும். உள்ளே இறங்கி அடைப்பு எடுக்கவும் அதுதான் வழி. கால்வாய்க்கு மூக்கு வைத்துப் பெயரும் மூச்சு என்று வைத்தவன் நிச்சயம் கவிஞனாக இருந்திருப்பான், அல்லது ஆஸ்துமாக்காரனாக.

காத்ரஜ் தண்ணீர் தாகம் தீர்த்த கதையைப் பழைய புனேக்குடும்பங்களில் இன்றும் சொல்வார்கள். அரசாங்கம் லாரியில் தண்ணீர் கொண்டுவந்தது, கிணறுகளைச் சுத்தம் செய்தது, காலரா வந்துவிடுமோ என்று நடுங்கியது, எல்லாம் நடந்தது. ஆனால் அவர்கள் ஞாபகத்தில் நிற்பது அந்தத் தொட்டி. எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றது. அந்த வரிசையில் ஜாதி பார்த்தார்களா என்று ஒரு மூதாட்டியிடம் கேட்டேன். "இரண்டு நாள் பார்க்கவில்லை" என்றார். அதற்கு மேல் பேசவில்லை, டீ ஆறிவிடும் என்று தட்டை நகர்த்தினார்.

அவர் வீட்டுப் பின்கட்டிலும் ஒரு ஹௌத் இருக்கிறது. நான் போனபோது அதன் மேல் தகரம் போட்டு மூடி, தகரத்தின் மேல் பழைய ஸ்கூட்டர் டயர், பூந்தொட்டி, பழுதான கூலர். தகரத்தை ஓரமாக நகர்த்திக் காட்டினார். கல் விளிம்பில் குடம் வைத்து வைத்துத் தேய்ந்த குழிகள், நம் ஊர்க் கிணற்றடிக் கல்லில் இருக்குமே, அதே வழவழப்பு. உள்ளே கறுப்பு. ஈரவாடை கொஞ்சம், சாக்கடை வாடை கொஞ்சம். அடியில் பிளாஸ்டிக் பை ஒன்று மிதந்தது. "மேலே காத்ரஜில் வீடு வீடாக வந்துவிட்டது, எல்லார் வீட்டுக் கழிவும் ஏரிக்குத்தான்" என்றார். அதை அவர் சொல்ல வேண்டியதே இல்லை. ஏரிக்கு மேலே மலைச்சரிவில் முளைத்த குடியிருப்புகளின் சாக்கடை வருஷக்கணக்காக அதில் இறங்குவது புனே செய்தித்தாள்களின் வழக்கமான செய்தி. கட்டடத்துக்கு வானம் தோண்டும்போது சுரங்கக் கால்வாய் வெட்டுப்பட்டதும் செய்திதான்.

இந்தத் தொடரை எழுத ஆரம்பித்தபோது, தண்ணீர் இல்லாத ஊரைப் பற்றி எழுதப்போவதாக நினைத்தேன். ஒன்பதாவது வாரத்தில் மாற்றிக்கொள்கிறேன். புனேக்குத் தண்ணீர் குறைந்ததே இல்லை. தண்ணீர் வரும் வழியைப் பார்க்க ஆள் குறைந்துகொண்டே வந்தது. ஹௌத் என்றால் வீட்டு முற்றத்தில் கண்ணெதிரே கிடக்கும். கலங்கினால் காலையிலேயே தெரிந்துவிடும். குழாய் வந்ததும் பார்வை குழாயின் வாயோடு நின்றுவிட்டது. திருகினால் வருகிறதா? வருகிறது. போதும். அதன் மறுமுனை எங்கே என்று யார் கேட்டார்கள்?

*

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளத்துக்குப் பின் ஊரை மறுபடி நிறுத்தும் பொறுப்பு எஸ்.ஜி. பர்வே என்ற ஐ.சி.எஸ். அதிகாரியிடம் வந்தது. கோகலேநகர், லோக்மான்யநகர், சஹகார்நகர் என்று வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. கடக்வாஸ்லாவின் உடைப்பை அடைத்தார்கள். பானஷேத்தை, இந்த முறை நிதானமாக, மறுபடி கட்டினார்கள். மோசே ஆற்றில் வரஸ்காவ் வந்தது, முட்டாவில் தேம்கர் வந்தது. இன்று நான்கு அணையும் சேர்ந்து 29.15 டி.எம்.சி. சென்னைக்குப் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கையும் கூட்டினால் 11.257 டி.எம்.சி.தான். இரண்டு மடங்குக்கு மேல் அதிர்ஷ்டம்.

ஆனால் அந்த 29-க்குக் கை நீட்டுவது புனே மட்டுமல்ல. கீழே தௌண்ட், இந்தாபூர் கரும்பு வயல்கள் இருக்கின்றன. நகரத்துக்கு 11.5 டி.எம்.சி. என்று வருஷக்கணக்கில் ஒதுக்கீடு இருந்தது. நகரம் அதைத் தாண்டி எடுக்கும். நீர்வளத் துறை நோட்டீஸ் அனுப்பும், மாநகராட்சி ஜனத்தொகையைக் காட்டும். பங்காளிச் சண்டை போல, கல்யாணத்துக்குக் கல்யாணம் புதுப்பிக்கப்படும். குடித்த தண்ணீரில் பெரும்பகுதி சாக்கடையாகித் திரும்ப முட்டாவில் விழும். அங்கிருந்து முளா-முட்டா, பீமா வழியாக 1980-ல் கட்டி முடித்த உஜனி அணைக்குப் போகும். சோலாப்பூர்க்காரர்கள் அதைக் குடிப்பார்கள். அந்தக் கதைக்குத் தனி வாரம் வேண்டும், தருகிறேன்.

2018 செப்டம்பர் 27 அன்று பகலில், முட்டா வலதுகரைக் கால்வாயின் சுவர் தாண்டேகர் பாலம் அருகே பெயர்ந்து, ஜனதா வசாகத் குடிசைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஃபைஃப் காலத்துக் கால்வாய். மறுபடி மண், மறுபடி கரை, மறுபடி யாரும் பார்க்காத ஓர் ஓட்டை. எலியும் நண்டும் வளை தோண்டியதுதான் காரணம் என்று ஓர் அமைச்சர் சொன்னதாகச் செய்தி வந்து, ஊரே சிரித்தது. மதகடியில் ராத்திரிக் காவல் இருந்த கிழவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். நண்டுவளையை அடைப்பதுதான் அவர்கள் வேலையே.

இதற்கிடையில் ஊர் ஊதிக்கொண்டே போனது. 2017-ல் 11 கிராமங்கள், 2021-ல் 23 கிராமங்கள் மாநகராட்சிக்குள் இழுக்கப்பட்டன. பலகை மாறியது, வரி மாறியது. குழாய் பின்னால் வரும் என்றார்கள். அந்தக் கிராமங்களில் மூன்றின் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடக்வாஸ்லா. கிர்கட்வாடி. நாந்தேட். மூன்றும் சிங்ககட் ரோட்டில், ஏரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவை. 1961-ல் வெள்ளம் இறங்கி வந்த அதே ஆற்றோரம். அணையில் தண்ணீர் தளும்புவதை மொட்டைமாடியில் நின்று பார்க்கலாம். குடிக்க டேங்கர் அல்லது கிணறு.

2025 ஜனவரி. பொங்கலுக்கு முந்தைய வாரம். புனேயின் ஆஸ்பத்திரிகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மாதிரி நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். நாலைந்து நாள் முன்பு வயிற்றுப்போக்கு இருந்திருக்கும், சரியாகியிருக்கும். பிறகு ஒருநாள் காலை பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி. மதியம் செருப்புக் காலில் நிற்காது. மறுநாள் மாடிப்படி ஏற முடியாது. அதற்கடுத்த நாள் கையைத் தூக்கி முகம் துடைக்க முடியாது. சிலருக்கு மூச்சே தயங்கியது, வென்டிலேட்டர் வைத்தார்கள். குழந்தைகளும் உண்டு, முப்பது வயது இளைஞர்களும் உண்டு.

நரம்பு டாக்டர்களுக்கு அந்த நோயைத் தெரியும். கியான் பாரே சிண்ட்ரோம். கிருமியை அடிக்க எழுந்த உடம்பின் காவல்படை, ஆள் மாறித் தன் நரம்பையே அடிக்கும் நோய். லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒருவருக்கோ இருவருக்கோ வரும். இங்கே மாதம் முடிவதற்குள் நூறைத் தாண்டியது. பிறகு இருநூறு.

முகவரிகளை வரைபடத்தில் குறிக்கத் தொடங்கினார்கள். புள்ளிகள் ஊர் முழுக்கச் சிதறவில்லை. சிங்ககட் ரோட்டில் போய்க் குவிந்தன. தாயரி, கிர்கட்வாடி, நாந்தேட், கடக்வாஸ்லா. நோயாளிகளின் மலத்தை அதே ஊரில் இருக்கும் தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். சிலவற்றில் கேம்பிலோபேக்டர் என்ற பாக்டீரியா அகப்பட்டது. அது பெரும்பாலும் இரண்டு வழியில் வரும். சரியாக வேகாத கோழிக்கறி. சாக்கடை கலந்த தண்ணீர்.

கடக்வாஸ்லாவைச் சுற்றிக் கோழிப்பண்ணைகள் இருக்கின்றன. கோழியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள் என்று மேலிடத்திலிருந்து அறிவுரை வந்தது. கறிக்கடைகளில் கூட்டம் குறைந்தது. ஆனால் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே, நாந்தேட் கிராமத்தில், சுற்றுப்பட்டு ஊர்களுக்குக் குழாயில் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய கிணறும் இருந்தது.

கோழியா, கிணறா?

மாநகராட்சி ஆட்கள் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் மாதிரி எடுத்தார்கள். பாட்டில்களை மூடி, தேதி எழுதி ஒட்டி, சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

(தொடரும்)